மேற்படி

மகனே, இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று தேடாதே. நானேதான் எழுதுகிறேன். மந்தைவெளி வகுப்பில் கொடுத்த கட்டம் போட்ட நோட்டில், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்தாக வைத்து எழுதுகிறேன். ஒரு பக்கம் நிறைவதற்குள் முதல் டீ ஆறி, இரண்டாவது டீயும் ஆறிவிடுகிறது. ‘ழ’ போடும்போது என் நாக்கு வெளியே வந்துவிடுகிறதாம். உன் அம்மா எதிரில் உட்கார்ந்து சிரிக்கிறாள். “காலைலேர்ந்து எய்திக்கினே கீறியே, கலெக்டரு ஆபீஸ்ல சேரு எதுனா காலியா கீதாமா?” என்கிறாள். அவள் வாயில் ழ வராது. என் வாயிலும் வராது. இத்தனை வருஷம் வாய்க்கு வராத எழுத்து இப்போது கைக்கு வருகிறது. போட்டு முடித்து நோட்டைத் தள்ளி வைத்துப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறது பார், அதை எப்படி எழுதுவது என்று வகுப்பில் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தைச் சந்தோஷத்தால் எழுதவில்லை. பத்து நாளாக எனக்குச் சோற்றில் கை வைக்கப் பிடிக்கவில்லை. நம் ஆட்கள் அதற்கு ஒரே வார்த்தைதான் சொல்வார்கள், கலீஜு. டீச்சர், எழுத்தில் ‘அருவருப்பு’ என்று போடுங்கள் என்றார். எந்த ‘ரு’, எந்த ‘று’ என்று தெரியாமல் நான்கு முறை எழுதி அடித்தேன். ஐந்தாவது முறை சரியாக வந்தது. வந்ததும் கை தட்டிக்கொண்டேன். அருவருப்பு சரியாக வந்துவிட்டது என்று கை தட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வகுப்பில் ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அதை எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும், பிறகு சுவரில் ஒட்டுவார்கள். அதனால் உன் பேரும் போடவில்லை, என் பேரும் போடவில்லை. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விளக்கி எழுதியிருக்கிறேன்; கேட்பவர்களுக்குப் புரிய வேண்டும். சண்டை போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து நீ கிண்டியில் சிநேகிதன் அறையில் இருக்கிறாய். போனை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குக் கிளம்புகிறாய் என்று உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை அவள் இதன் நகலை உன்னிடம் கொண்டு வருவாள். வாங்காமல் அனுப்பிவிடாதே. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் கோபப்படாமல் கொண்டு வருகிறாள்.

அடையாற்றுப் பக்கம் நான் வேலை செய்யும் வளாகத்தின் முன்பாதி கட்டடமும் புல்தரையும். பின்பாதி மதில்வரை காடு. யாரும் நட்டு வளர்த்த காடு இல்லை. களா, காரை, சூரை, உசிலை, காயா என்று இந்த மண்ணிலேயே முளைத்து, இந்த உப்புக் காற்றையும் வெயிலையும் தாங்கி நின்ற செடிகள். முப்பது வருஷம் தோட்டக்காரனாக இருந்தும் அந்தப் பின்பாதியை நான் மதித்ததே இல்லை. முள், புதர், பாம்பு, அவ்வளவுதான். மேலதிகாரி யாராவது வந்தால் இரண்டு வரிசை வெட்டிச் சுத்தம் காட்டுவேன். நூறு வருஷமாக அங்கேயே இருந்த செடியை வெட்டிவிட்டு, லாரியில் வந்த கோனோகார்பஸை வரிசையாக நட்டவனும் நான்தான். அது இலை கொட்டாமல் பச்சையாக நிற்கும், ஒரு குருவி உட்காராது. பெயின்ட் அடித்த தகரம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்து எல்லோரும் ‘நல்லா மெயின்டெயின் பண்றீங்க’ என்றார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் மேடம் வந்தார். செடிகொடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், ஆழ்வார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அந்தக் காட்டுக்குள் பன்னிரண்டு இடத்தில் சதுரமாகக் கயிறு கட்டி, நான்கு மூலையிலும் முளை அடித்தார். அதற்குக் கட்டம் என்று பேர். கட்டத்துக்குள் இருந்த ஒவ்வொரு செடிக்கும் ஒரு சின்னத் தகடு, தகட்டில் ஒரு எண். மாதம் ஒரு முறை கட்டத்துக்குள் போய், எந்தச் செடி எவ்வளவு உயரம், இலை கொட்டியதா, பூத்ததா, புதிதாக எது முளைத்தது, எது செத்தது என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளிலும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும்.

“வெயிலும் மழையும் முன்ன மாதிரி இல்லீங்க ஐயா. இந்த மண்ணோட செடிங்க இதைத் தாங்குதா, எது போகுது, போன எடத்துல எது வந்து ஒக்காருது, அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும்” என்றார் மேடம். “பாக்கறது மட்டும்தான் நம்ம வேலை. தண்ணி ஊத்தக் கூடாது, களை எடுக்கக் கூடாது, சருகு கூட்டக் கூடாது.”

“செத்துப் பூட்டா மேடம்?”

“செத்துடுச்சுன்னு எழுதணும்.”

எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. கண் எதிரில் ஒன்று வாடுகிறது, பக்கத்தில் குழாய் இருக்கிறது, கையில் வாளி இருக்கிறது, ஆனால் பென்சிலை எடுத்து ‘வாடுகிறது’ என்று எழுத வேண்டும். படித்தவர்களுக்கு நெஞ்சு கிடையாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவளும், “செடிக்கே தண்ணி குடுக்காதவ, ஒனக்கு இன்னா குடுப்பா?” என்றாள்.

மேடம் சொன்ன வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் கை வைத்து வேலை செய்கிறவனுக்கு அது கையிலேயே தெரியும். முன்பெல்லாம் மார்கழியில் காலையில் புல்லில் கால் வைத்தால் பாதம் நனையும். இப்போது செருப்புக்கூட நனைவதில்லை. மாசி பாதியிலேயே மண் சுடுகிறது. களா எந்த மாதம் பூக்கும் என்று நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்போது அது எனக்கு முன்னால் பூத்து, நான் பார்ப்பதற்குள் கருகிவிடுகிறது. மழை என்றால் இரண்டு நாளில் மொத்தமும் கொட்டி, ஆற்றின் கறுப்புத் தண்ணீரை வளாகத்துக்குள் கொண்டு வந்து விட்டுப் போகிறது. அந்தத் தண்ணீர் வடிந்த பிறகு செடிகளின் மேல் தொங்குவதை எல்லாம் நான்தான் கையால் எடுப்பேன். டயப்பரும் சாம்பார் பாக்கெட்டும் தொங்கும் களாச் செடியை நீ பார்த்திருக்கிறாயா? பிறகு நான்கு மாதம் ஒரு சொட்டு கிடையாது.

ஏழாம் கட்டம் மதிலோரம். மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பி, அதன் ஏசி பெட்டிகள் எல்லாம் நம் பக்கம் பார்த்துச் சூடான காற்றை ஊதிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவன் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்பான். அந்த மூச்சு வந்து அடிக்கும் இடத்தில் பதினொரு காயாச் செடிகள், முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும். முதல் கோடையில் அவை இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன. என்னால் பார்க்க முடியவில்லை. தினம் காலையில், மேடம் வருவதற்கு முன்னால், இரண்டு வாளி ஊற்றினேன். மூன்று கோடை அப்படி ஊற்றினேன். பாவம் பார்த்து ஊற்றினேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதும்போதுதான் தெரிகிறது, அது பாதிதான். மீதி பயம். செடி செத்தால் தோட்டக்காரனைத்தான் கேட்பார்கள் என்று முப்பது வருஷமாகப் பழகிய பயம். சாவதைப் பார்ப்பதுதான் வேலை என்று ஒருவர் வந்து சொன்னால், அந்தப் பயம் உடனே போய்விடுமா?

மூன்றாவது கோடையில் இரண்டு செடி பூத்தன. தண்டோடு ஒட்டிக்கொண்டு நீலமாக, கொத்துக் கொத்தாக. மேடம் சின்னப் பெண் மாதிரி குதித்தார். மற்ற கட்டங்களில் இருக்கும் காயா எல்லாம் திணறும்போது ஏழில் மட்டும் எப்படி இப்படி என்று ஆட்களை அழைத்து வந்து காட்டினார். “காயாவை நாம கொறைச்சு எடை போட்டுட்டோம்” என்றார். ஆற்றங்கரையில் நம் குடிசைகள் இருந்த இடத்தைக் காலி செய்து சும்மா போட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கரையில் இந்த மண்ணின் செடிகளையே வைக்கப் போகிறார்கள், நட்ட பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது, அதனால் தாங்குகிற செடியாக வேண்டும், காயாவை நிறைய வைக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். நாற்றங்காலில் கன்று போடவும் தொடங்கினார்கள். நான் பின்னால் வாளியோடு நின்றேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னைப் பார்த்து மேடம் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் உன்னை வேலைக்குச் சேர்க்கச் சொல்லி மேடத்திடம் கேட்டேன். டிப்ளமா படித்துவிட்டு நீ சும்மா இருந்தாய். மாதா மாதம் பன்னிரண்டு கட்டத்துக்கும் போய்த் தாளை நிரப்பும் வேலையை உனக்குக் கொடுத்தார். என் மகன் எழுதுகிறான் என்று எனக்குத் தாங்க முடியாத பெருமை. அதே வருஷம் மேடம் வேறு மாநிலத்துக்கு வேலையாகப் போனார். எனக்கும் முட்டி போய், கண்ணில் புரை விழுந்து, என்னை கேட் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பின்பக்கம் நடந்து போக முடியவில்லை. வாளி நின்றது. உன்னைத்தான் நம்பினேன், தினமும் வீட்டுக்கு வந்து “எல்லாம் நல்லாத்தான் கீது நைனா” என்பாய்.

கண் ஆபரேஷன் ஆன பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் எழுத்துகூடத் தெரிந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் மந்தைவெளி வகுப்பில் சேர்ந்தேன். வாரம் இரண்டு நாள். பதினாறு பெண்கள், நான் ஒரு ஆண். டீச்சர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மயிலாப்பூர் அம்மா. வீட்டில் படித்துப் பழக உன் தாள்களின் நகலை எடுத்துக்கொள்வேன். செடிகளின் பேர் எல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் எழுத்து சுலபமாகப் பிடிபட்டது. நான் முதன்முதலில் யார் உதவியும் இல்லாமல் படித்த வார்த்தை ‘காயா’. கா, யா. இரண்டே எழுத்து. வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன்.

டீச்சர் முகம் மாறிவிட்டது. “காயாவா? காயாம்பூ வண்ணன்னு பெருமாளைச் சின்ன வயசுலேர்ந்து பாடிண்டிருக்கேன். அந்தப் பூவை ஒரு நாள் கண்ணால பார்த்ததில்லை. நீங்க பார்த்திருக்கேளா?” என்றார். பாங்கில் இருந்தவர், எல்லாம் படித்தவர், அவருக்கு வார்த்தை தெரிகிறது, செடி தெரியவில்லை. எனக்குச் செடி தெரியும், வார்த்தை இப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். “அடுத்த வாரம் இலை ஒண்ணாச்சும் பொறுக்கினு வர்றேன் டீச்சர், பூ பூக்கசொல்ல கூப்ட்டு காட்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் தாளில் எனக்குப் புரியாத ஒரு எழுத்து இருந்தது. இரண்டு சின்னக் கோடு, பக்கம் பக்கமாக, கொசு உட்கார்ந்த மாதிரி. பக்கம் முழுக்க அதுதான். இது எந்த எழுத்து, ஏன் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று டீச்சரைக் கேட்டேன். “இது எழுத்தில்லை. மேற்படின்னு அர்த்தம். மேலே எழுதினதே கீழேயும்னா, திரும்ப எழுதாம இப்படிப் போடுவா” என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கை வலியைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்திருக்கிறான். அன்று வீட்டுப் பாடத்துக்கு என் பேரைப் பத்து முறை எழுதச் சொன்னார்கள். ஒரு முறை எழுதி, கீழே ஒன்பது முறை கொசுவை உட்கார வைத்துக் கொண்டு போனேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும், “கெட்டிக்காரர்தான். ஆனா பத்து தடவை எழுதச் சொன்னது பேருக்காக இல்லை, கைக்காக” என்றார்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வேறு ஒரு இடத்திலும் பார்த்தேன். ஆற்றங்கரையிலிருந்து நம்மை அள்ளிக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே போட்டபோது ஒரு தாள் கொடுத்தார்களே, அதை உன் அம்மா புடவை மடிப்பில் வைத்திருக்கிறாள். படிக்கத் தெரிந்துவிட்டதே என்று எடுத்துப் படித்தேன். ‘மேற்படி நபர்’, ‘மேற்படி குடிசை’, ‘மேற்படி நபரின் சம்மதத்துடன்’. அந்த மேற்படி நபர் நான்தான். கீழே என் கட்டை விரல். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை, வரிசையில் முன்னால் இருந்தவன் வைத்தான், நானும் வைத்தேன். அதாவது அவன் விரலுக்குக் கீழே என் விரல் இரண்டு கோடு போட்டிருக்கிறது.

அடுத்த வாரம் டீச்சருக்கு இலை பொறுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கையில் உன் தாள். எந்தத் தகடு எந்தச் செடி என்று படித்துப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஆசை. ஏழாம் கட்டத்தில் காயா இல்லை. பதினொரு குச்சி இருந்தது. தொட்டால் ஒடிகிற குச்சி, ஒவ்வொன்றின் கழுத்திலும் தகடு. நடுவில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு ஏறி, மஞ்சளும் ரோஸுமாகப் பூத்து, எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. அதன் நாற்றம் உனக்குத் தெரியும், பூனை மூத்திர நாற்றம். தாளைப் பிரித்தேன். முதல் வரியில், ‘காயா, உயிருடன், நல்ல நிலை’. அதற்குக் கீழே கொசு. கொசு. கொசு. போன வருஷம் சித்திரையில் கொசு, வைகாசியில் கொசு, போன மாதமும் கொசு. செத்துப்போன குச்சியின் மேல் நீ மாதா மாதம் உட்கார வைத்தது. என் வாழ்நாளில் சாக்கடையில் இறங்கியிருக்கிறேன், செத்த நாயை இழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தத் தாளைப் பிடித்தபோது வந்த அருவருப்பு எனக்கு அப்போதெல்லாம் வந்ததில்லை. படிக்கக் கற்றது இதைப் படிக்கத்தானா என்று இருந்தது.

அன்று வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீ சொன்னதை மாற்றவில்லை.

“அந்தப் பக்கம் போனியா நீ, இல்லியா?” என்றேன்.

“போனேன் நைனா. மொதல்ல போய்க்கினுதான் இருந்தேன். வெயில்ல மண்ட காயுது. யாரு வந்து பாக்கப் போறா? செடி எங்க ஓடிடப் போவுது? போன மாசம் மாரியேதான் இருக்கும்னு போட்டேன்.”

“செத்துப் பூட்ச்சுடா.”

“அத்த பாத்தேன்.”

“பாத்தியா!”

“போன வருசம் ஆடி மாசம் பாத்தேன். மூணு மாசம் போவாம போட்டுக்கினு இருந்துட்டு, திடீர்னு பதினொண்ணும் செத்துப் பூட்ச்சுன்னு எய்த முடியுமா? எப்ப செத்துதுன்னு கேட்டா இன்னா சொல்றது?”

“த்தூ” என்றேன். உன் மேல் துப்பவில்லை, பக்கத்தில்தான் துப்பினேன். ஆனாலும் துப்பினேன். அப்போது நீ சொன்னாய்: “என்னிய மட்டும் துப்பு. நீ வாளி எத்தினுப் போனது எனக்குத் தெரியாதா? காலேஜுக்குப் போவசொல்ல தெனம் பாப்பேன். நீ ஊத்திக் காப்பாத்துன, நான் எய்திக் காப்பாத்துனேன். ஒரே கத தானே நைனா?”

உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தாள். நீ சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

பத்து நாள் யோசித்தேன். நீ சொன்னது சரி. அதற்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது, அது உனக்கே மறந்திருக்கும். மூன்றாம் வகுப்பில் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்க வந்தாய். எனக்குப் போடத் தெரியாது. கைநாட்டு வைத்தால் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கேலி செய்வார்கள் என்று அழுதாய். “நீயே போட்டுக்கடா, எவன் கேக்கப் போறான்” என்றேன். பத்தாம் வகுப்பு வரை என் கையெழுத்தை நீதான் போட்டாய். நான் பார்க்காத மார்க்குக்கு, நான் பார்த்ததாக. உனக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவன் நான். உன்னைத் துப்பியது என்னைத் துப்பியதுதான். ஆனால் அதற்காக நீ செய்தது சுத்தமாகிவிடாது. என்னைக் காட்டி நீ தப்பித்துக்கொண்டால் நம் இரண்டு பேர் மேலும் அதே நாற்றம்தான் அடிக்கும்.

திங்கட்கிழமை மேடம் திரும்பி வந்திருந்தார். நேராகப் போய், வாளி ஊற்றியதைச் சொன்னேன். திட்டுவார், வேலை போய்விடும் என்று நினைத்தேன். திட்டவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பிறகு ஒரு தாளை எடுத்தார். “எத்தனை வாளி? எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரைக்கும்? வேர்ல ஊத்துனீங்களா, சுத்தி ஊத்துனீங்களா?” என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, சொன்னேன். “நீங்க மேலயே ஊத்தி ஊத்தி, வேர் கீழ எறங்காம மேலயே நின்னுடுச்சு ஐயா. அதான் நிறுத்துனதும் போயிடுச்சு” என்றார். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் பார், ஊற்றியது தப்பாக இருந்தாலும், எப்போது ஊற்றினேன் என்று சொன்னவுடன் அதுவும் அவருக்கு ஒரு அளவாகிவிட்டது. தண்ணீர் குடித்த காயா இப்படி இருக்கும் என்று எழுதிக்கொண்டார். நாற்றங்காலுக்குப் போன் போட்டு, கரைக்கு அனுப்ப இருந்த காயாக் கன்றுகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

பிறகு, “எப்ப செத்துச்சு?” என்றார். எனக்குத் தெரியவில்லை. உன் தாளைப் பிரித்தார். “இதுல போன மாசம் வரைக்கும் உயிரோட இருக்கே?”

“அத்த எய்துனவன் சொல்லணும் மேடம். நான் சொல்ல மாட்டேன்” என்றேன்.

மேடம் மற்றக் கட்டங்களின் தாள்களையும் புரட்டினார். எல்லாவற்றிலும் கொசுக் கூட்டம். “இதுல பாத்துப் போட்டது எது, பாக்காம போட்டது எது? உசிலை உயிரோட இருக்குன்னு ரெண்டு கோடு. களா அப்படியே இருக்குன்னு ரெண்டு கோடு. நெஜமாவே அப்படியே இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? தெரியலைன்னா ரெண்டு வருஷத்தையும் அடிச்சுடணும்” என்றார். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார், வைத்துவிட்டார். “கரையில காயாவுக்குப் பதிலா என்ன வெக்கறதுன்னு இந்தத் தாளைப் பாத்துத்தான் சொல்லணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி சொல்லலைன்னா கான்ட்ராக்டர் அவர் கொண்டு வர்றதை வெச்சுட்டுப் போயிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன் ஐயா.”

கான்ட்ராக்டர் எதைக் கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியும். நம் அடுப்பு இருந்த இடத்தில், உன் தொட்டில் கட்டிய இடத்தில், பெயின்ட் அடித்த தகரம் மாதிரி அந்தச் செடி வரிசையாக நிற்கும். அதற்குப் பக்கத்தில் நின்று நான்கு பேர் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

செத்த மாதங்களை இனி யாரும் பார்க்க முடியாது. போன வருஷம் சித்திரையில் அந்தக் காயா இலை கொட்டியதா, வைகாசியில் பட்டை காய்ந்ததா, உண்ணிச்செடி எந்த மாதம் உள்ளே வந்தது, அது போனது போனதுதான். அங்கே போயிருக்க வேண்டியவன் நீ ஒருவன்தான், நீ போகவில்லை. ஆனால் நீ போன மாதங்களும் இருக்கின்றன. முதல் வருஷம் வெயிலில் கறுத்துப்போய், கை எல்லாம் காரை முள் கிழித்து வருவாயே, உன் அம்மா மஞ்சள் வைப்பாளே, அந்த மாதங்கள் பொய் இல்லை. அன்றைக்கும் நீ இரண்டு கோடுதான் போட்டிருப்பாய், ஆனால் பார்த்துவிட்டுப் போட்டிருப்பாய். எந்தக் கொசு உண்மை, எந்தக் கொசு பொய் என்று உன் ஒருவனுக்குத்தான் தெரியும். நீ சொல்லாவிட்டால் நீ உழைத்ததும் சேர்ந்து சிவப்பில் போகும். இதில் எனக்கு ஏற்படும் வயிற்றெரிச்சலை எழுத எழுத்து போதவில்லை.

ஓசூரில் உனக்குக் கிடைத்திருக்கும் வேலை என்ன என்று உன் அம்மா சொன்னாள். ரோடு வரப்போகிற இடத்தில் என்னென்ன செடி, மரம் இருக்கிறது என்று முன்னாலேயே போய்ப் பார்த்து எழுத வேண்டுமாம். உன் தாளைப் பார்த்துத்தான் அங்கே இயந்திரம் இறங்கும். மேடம் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தால் கிடைத்த வேலை. சனிக்கிழமை நீ வந்து உண்மையைச் சொன்னால் மேடம் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொள்ள மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், எனக்குத் தெரியாது. வேலை போனால் வீட்டுக்கு வா. உன் அம்மா சோறு போடுவாள். ஆனால் பொய்த் தாளின் மேல் உட்கார்ந்துகொண்டு, போகாத காட்டைப் பற்றி ஓசூரிலும் நீ கொசுவை உட்கார வைக்கப் போகிறாய் என்றால், அந்தச் சம்பளத்தில் ஒரு வேஷ்டிகூட எனக்கு வாங்கி வராதே. கட்ட மாட்டேன்.

வாளி ஊற்றியதை மேடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். மூன்று வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது, மேடம் காத்திருந்தார். ‘ஏழாம் கட்டத்துக்கு மூன்று கோடை நான் தண்ணீர் ஊற்றினேன். யாரும் சொல்லி ஊற்றவில்லை. பயந்துகொண்டு மறைத்தேன்.’ முடித்ததும் மேடம் பழக்கத்தில் மை டப்பாவை எடுத்துத் திறந்தார். வேண்டாம் என்றேன். என் பேரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகனே, என் வாழ்நாளில் நான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட முதல் தாள் அது. நான் செய்த தப்பைப் பற்றிய தாள்தான், இருந்தாலும் வெட்கம் கெட்ட சந்தோஷம் வந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கேட் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். நீ வந்தால் உன்னோடு பன்னிரண்டு கட்டத்துக்கும் நடப்பேன், முட்டி போனால் போகட்டும். அந்தத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டுவைத்திருக்கிறேன். அது உனக்கு. நீ செய்ததை நீயே எழுது, உன் பேரை முழுதாகப் போடு. என் பேருக்குக் கீழே அந்த இரண்டு கோட்டை மட்டும் போட்டுவிடாதே.